மிச்சம் ஐந்து பங்கு

டாக்டர் கேட்டது சாதாரணக் கேள்விதான். "உங்க தம்பி வேலை செய்யற இடத்துல என்ன புகை வரும்?"

அக்காவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும். கைகால் இழுத்துக்கொண்ட தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து ஆளாளுக்கு என்னென்னவோ கேட்டுவிட்டார்கள். குடிப்பாரா? சின்ன வயதில் தலையில் அடிபட்டதா? குடும்பத்தில் யாருக்காவது இப்படி இழுத்திருக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி, ஏதோ பொய் சொல்கிறவள் போல அவளுக்கே குறுகுறுத்தது. ஆனால் இது அவளுடைய பாடம். ஸ்பாஞ்ச் ரப்பர் தொழிற்சாலையின் லேபில் இருக்கிறவள் அவள். 'லேப் அக்கா' என்றால் அங்கே வாசல் காவலாளி வரைக்கும் தெரியும். அதே தொழிற்சாலையில் தம்பிக்கு, ரப்பரைச் சூட்டில் அழுத்துகிற பிரஸ் ஓட்டும் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

"நைட்ரஜன்தான் டாக்டர்," என்றாள். "ரப்பர் மாவுல ஒரு வெள்ளைப் பவுடர் கலப்போம். பிரஸ்ல சூடு பட்டதும் அது உடைஞ்சு நைட்ரஜனா வரும். அந்தக் காத்துதான் ரப்பரை உப்ப வைக்குது. நாம மூச்சு விடற காத்துல முக்கால்வாசி அதுதானே? ஒண்ணும் பண்ணாது."

டாக்டரம்மா தலையாட்டினாள். இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்கிற உறவினர்கள் அவளுக்குத் தினமும் கிடைப்பதில்லை. "அப்போ வலிப்பு நோயாத்தான் எடுத்துக்கணும். ரெண்டு தடவை வந்தாச்சு. மாத்திரை ஆரம்பிச்சிடறேன். ரொம்ப நாளைக்குச் சாப்பிட வேண்டியிருக்கும்," என்றாள்.

அந்தச் சொல் விழ வேண்டிய காதில் சரியாக விழுந்தது. தம்பியின் மாமனார் பெஞ்சிலிருந்து எழுந்தார். மகளுக்கு ஒன்றென்றால் துடித்துப்போகிற மனிதர். மற்றவர் மகனுக்கு ஒன்றென்றால் அவ்வளவு துடிப்பு வராது, அவ்வளவுதான்.

"ஏம்மா, வலிப்புக்காரனுக்கா என் பொண்ணைக் கட்டி வெச்சே?"

"மாமா, சத்தியமா இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல."

"வராமயா இருந்திருக்கும்? உங்க அப்பா அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. கேக்க ஆளில்ல. நீதான் முன்ன நின்னு பேசி முடிச்சே. 'தங்கமான பையன், ஒரு குறை கிடையாது'ன்னு வாய் நிறையச் சொன்னியே? இப்பச் சொல்லு பாப்போம்."

 தம்பியின் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்று அழுதாள். அவள் அப்பா பக்கமும் பேசவில்லை, இந்தப் பக்கமும் பேசவில்லை. சாயங்கால ரயிலுக்கு மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போவதாக மாமனார் அறிவித்தார். அந்தக் குழந்தைக்கும் இது இருக்கிறதா என்று பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். அதற்கப்புறம் திரும்பி வருவதா வேண்டாமா என்று யோசிப்பார்களாம். யோசிப்பது என்றால் என்னவென்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கட்டிலில் கிடந்த தம்பி எல்லாவற்றையும் கேட்டான்.

அவனைத் தொழிற்சாலையில் 'சுரண்டி' என்று கூப்பிடுவார்கள். அது வசவு இல்லை, பட்டம். பிரஸ்ஸைத் திறக்கும்போது ரப்பர் தகடு உப்பித் துள்ளிக்கொண்டு வெளியே வரும். கூடவே வெள்ளைப் புகை எழும்பி, மேலே இருக்கும் புகைக்கூண்டில் போய் ஒட்டும். ஆறியதும் அது உப்பைப் போலப் படிந்து கிடக்கும். அது சூட்டில் பறந்துபோன பவுடர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விலையான பவுடர், வீணாகலாமா? சூட்டில் ரப்பரை உப்ப வைப்பதால் அதற்கு அங்கே 'பொங்குமாவு' என்று பெயர். தம்பிதான் முதலில் ஏணி போட்டு ஏறி, கூண்டுக்குள் தலையை விட்டு, தகட்டால் அதைச் சுரண்டி டப்பாவில் சேர்த்தான். மறுநாள் கலவையில் கொட்டினான். மேனேஜர் பூரித்துப்போய் எல்லோர் முன்னாலும் அவனுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார். அக்காவும் கைதட்டினாள். அதோடு நிற்கவில்லை. புகைக்கூண்டின் மின்விசிறி பவுடரை வெளியே இழுத்து வீணாக்குகிறது, நிறுத்திவிடலாமா என்று மேனேஜர் லேபுக்கு வந்து கேட்டபோது, அவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைக்கூட எடுக்காமல், "நைட்ரஜனுக்கு எதுக்கு சார் ஃபேன்?" என்று சொன்னாள். அன்றைக்கு அதுவும் ஒரு கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது.

"அக்கா," என்றான் தம்பி. நாக்கைக் கடித்துக்கொண்டதால் பேச்சு குழறியது. "எனக்கு வலிப்பு இல்லன்னு சொல்லுக்கா."

"டாக்டர் சொல்றாங்கடா. நான் என்ன பண்ணுவேன்?"

"நீதான் படிச்சவ. ஏதாச்சும் பண்ணு. குழந்தையைத் தூக்கிட்டுப் போயிட்டா திருப்பித் தர மாட்டாரு. நான் செத்துருவேன்க்கா."

"வாயை மூடு. அச்சுபிச்சுன்னு பேசாதே."

"லீவு நாள்ல ஒண்ணுமே இல்லக்கா. தலைவலிகூட இல்ல. கூண்டுல ஏறி சுரண்டினாத்தான் மண்டை பொளக்கும். வாயெல்லாம் ஒரு மாதிரி நாறும். கீழ வந்து தண்ணி குடிச்சுட்டு உக்காந்துக்குவேன். சொன்னா சுரண்டற வேலையை வேற எவனுக்காவது குடுத்துருவாங்கன்னு சொல்லல."

அக்கா அவனைப் பார்த்தபடியே நின்றாள். தலைவலி ஒரு பக்கம் இருக்கட்டும். கொஞ்ச நாளாகவே அவளை அரித்துக்கொண்டிருந்த வேறொரு விஷயம் இப்போது வந்து எதிரே நின்றது. கூண்டில் சுரண்டிய பவுடரைக் கலந்த நாட்களில் ரப்பர் தகடு சரியாக உப்புவதில்லை. சப்பையாகக் கிடக்கும். அவள் ரப்பரைக் குறை சொன்னாள், மேனேஜர் கலவைக்காரரைக் குறை சொன்னார், கலவைக்காரர் தலையெழுத்தைக் குறை சொன்னார். பொங்குமாவை யாரும் சந்தேகப்படவில்லை. கொதிக்கிற தண்ணீரின் சூட்டுக்கே தாங்காமல் உடைகிற பவுடர் அது. பிரஸ்ஸின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். அந்த அடுப்பிலிருந்து கிளம்பி மேலே போய் உட்கார்ந்தது உடையாத பவுடராக எப்படி இருக்கும்?

அப்படியானால் தம்பி இத்தனை நாள் சுரண்டியது என்ன?

 அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

ஆட்டோவில் போகும்போதே மனதுக்குள் கணக்குப் போட்டாள். கல்லூரியில் முதல் வருஷப் பையன் போடுகிற கணக்கு. இந்தப் பவுடரில் காற்றாகப் போகும் நைட்ரஜன் எவ்வளவு எடை? ஆறில் ஒரு பங்கு. மிச்சம் ஐந்து பங்கு எங்கே போயிற்று? லேபில் உட்கார்ந்த நாள் முதல் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. தொழிற்சாலைக்குத் தேவை உப்ப வைக்கிற காற்று. காற்று நைட்ரஜன், நைட்ரஜன் சாது. அவ்வளவோடு புத்தகத்தை மூடிவிட்டாள். வீட்டை விட்டுப் போனவனைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு, வீட்டிலேயே இருக்கிற இரண்டு பேரை மறந்துபோன மாதிரி.

இரண்டு பேர் என்பது சரியான கணக்குதான். அந்த மூலக்கூறின் நடுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் உண்டு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு துண்டுகள் அவற்றின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். சூடு ஏறினால் நடுவில் இருக்கும் இரண்டும் ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொண்டு காற்றாகக் கிளம்பிவிடும். விடப்பட்ட துண்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கை காலியாக நிற்கும். ஃப்ரீ ரேடிக்கல் என்று கல்லூரியில் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். காலிக் கையோடு அவற்றால் கண்ணிமைக்கும் நேரம்கூட இருக்க முடியாது. கிடைத்ததைப் பிடிக்கும். கெட்டியான ரப்பர் மாவுக்குள் எவ்வளவு தூரம் ஓட முடியும்? சுற்றிலும் நெரிசல். சில துண்டுகள் நெரிசலைத் தாண்டிப் போய் ரப்பரைப் பற்றிக்கொள்ளும். நிறையத் துண்டுகளுக்கு அருகில் கிடைப்பது சற்று முன் எதிர்ப்பக்கம் இருந்த அதே துண்டுதான். இரண்டும் கைகோத்துக்கொள்ளும். நடுவில் நைட்ரஜன் இல்லாமல், நேருக்கு நேராக.

அது பழைய பவுடர் இல்லை, புதுப் பொருள். அதுவும் வெள்ளைதான், அதுவும் பொடிதான். விரலில் தேய்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் அதற்குள் காற்று கிடையாது, எவ்வளவு சுட்டாலும் உப்ப வைக்காது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு சயனோ வால் தொங்கும், சயனைடில் இருக்கிற அதே கார்பன்-நைட்ரஜன் ஜோடி. அந்த வாலை நினைத்ததும் ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள்.

லேபுக்குப் போனதும் இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தாள். ஒன்றில் புது டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை பொங்குமாவு. இன்னொன்றில் தம்பி சுரண்டி வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை. இரண்டிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மூடியில் ரப்பர்க் குழாய் செருகி, குழாயின் மறுமுனையைத் தண்ணீர் உள்ள கிளாஸில் அமிழ்த்தி, சூடு ஏற்றினாள். மேனேஜரைக் கூப்பிட்டு அனுப்பினாள். "ஆர்டர் நேரத்துல என்னம்மா விளையாட்டு?" என்றபடி வந்தார்.

"பாருங்க சார்."

புது மாவு இருந்த பக்கம் தண்ணீரில் குமிழி கிளம்பியது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு சடசடவென்று. சுரண்டிய பக்கம் தண்ணீர் அசையவில்லை. குழாய்க்குள் இருந்த காற்று சூட்டில் விரிந்து ஆரம்பத்தில் ஒரு குமிழி வந்தது, அதோடு சரி. அவள் இன்னும் சூடு ஏற்றினாள். ஒன்றுமில்லை.

"இதுல பொங்குமாவே இல்ல சார். உடைஞ்சு, பாதியும் பாதியும் திரும்ப ஒட்டிக்கிட்ட சரக்கு. இதைத்தான் என் தம்பி தினமும் மூக்கால இழுத்திருக்கான். இதைத்தான் மறுபடி மறுபடி கலவைல கொட்டி, மறுபடி மறுபடி ஆவியாக்கி எல்லாருக்கும் குடுத்திருக்கோம். ஃபேனையும் நிறுத்திட்டு."

மேனேஜர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவது சுலபம். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ஒண்ணு பண்ணலாம். சுரண்டறத இன்னையோட நிறுத்திடலாம். ஃபேனைப் போட்டுடலாம். சரிதானே?" என்றார்.

"ஃபேனோட பெல்ட்டையே கழட்டித் தண்ணி மோட்டாருக்குப் போட்டாச்சே சார்."

"நாளைக்கு வாங்கிடலாம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஓடட்டும்மா. ஆர்டர் நிக்குது. ஆஸ்பத்திரில இதையெல்லாம் சொல்லி வைக்காதே. வலிப்புன்னா அவனோட போச்சு. பவுடர்னா ஃபேக்டரியை இழுத்து மூடிடுவாங்க. இத்தனை குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். உன் குடும்பத்தையும் சேத்துத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. வலிப்பு என்றால் தம்பியோடு போயிற்று. தம்பியின் பெண்டாட்டி போனாள், பிள்ளை போயிற்று, நாளை எழுந்து நின்றால் கடனே என்று திரும்பவும் இதே பிரஸ்ஸுக்கு வந்து நிற்பான். வேறு யார் அவனுக்கு வேலை தருவார்கள்? வந்து நின்று ஒருநாள் ஏணியிலிருந்து சூட்டுத் தகட்டின் மேல் விழுவான். எல்லோரும் பாவம், வலிப்பு என்பார்கள்.

அவள் பிரஸ் கூடத்துக்கு நடந்தாள். முதல் பிரஸ்ஸின் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினாள். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. உள்ளே வெந்துகொண்டிருந்த தகடுகளெல்லாம் குட்டிச்சுவராகும் என்று அவளுக்குத் தெரியும். இரைச்சல் நின்றதும் கூடம் விசித்திரமாக இருந்தது. ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"லேப் அக்கா, உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கலவைக்காரர் கத்தினார்.

"ஆமா, பிடிச்சிருக்கு. யாருக்கெல்லாம் தலைவலி?"

அக்கா புகைக்கூண்டு ஏணியில் ஒரு படி ஏறி நின்றாள்.

"என் தம்பி ஆஸ்பத்திரில இழுத்துக்கிட்டுக் கிடக்கான். கும்பிட்டுக் கேக்கறேன், சொல்லுங்க. யாருக்கெல்லாம் இங்க வந்தா மண்டை இடிக்குது? லீவு நாள்ல இல்லாம, இங்க வந்தா மட்டும்?"

இரண்டாவது பிரஸ்காரன் மேனேஜரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், கையைத் தூக்கினான். அடுத்தது பக்கத்தில் நின்றவன். அப்புறம் தகடு அடுக்குகிற பெண்கள் இருவர். கடைசியில் கலவைக்காரரே, "எனக்குச் சோறு இறங்கி எத்தனையோ நாளாச்சு. வயசாச்சுன்னு நெனச்சேன்," என்று முனகினார். கண்ணாடி அறையில் உட்காருகிற மேனேஜருக்கு மட்டும் தலைவலி இல்லை. இப்போது வந்திருக்கலாம்.

அக்கா டப்பாவை நெகிழிப் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். வார்டு வாசலில் பெஞ்ச் காலியாக இருந்தது. குழந்தையின் ஒரு சாக்ஸ் மட்டும் கிடந்தது. மாமனார் ரயிலுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

டாக்டரம்மா முதலில் எரிந்துதான் விழுந்தாள். "காலைல நீங்கதானே நைட்ரஜன்னு அடிச்சுச் சொன்னீங்க?"

"ஆமா டாக்டர். போனதை மட்டும் சொன்னேன். இருக்கறதைச் சொல்லல. என்னை அப்புறம் திட்டுங்க. இது என்னன்னு கேளுங்க." பொருளின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். கண்ணீர் மூக்கு வழியாகவும் வந்தது. துடைக்கவில்லை.

டாக்டரம்மா விஷத் தகவல் மையத்துக்குப் போன் போட்டாள். பேசப் பேச அவள் முகம் மாறியது. போனை வைத்ததும் அக்காவை உட்காரச் சொன்னாள். அந்தப் பொருள் நரம்பைத் தாக்கும், மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஏறும், ஏறினால் தலைவலியில் ஆரம்பித்து இப்படி இழுப்பில் கொண்டுபோய் விடும் என்று சொன்னாள். இனி அந்தப் பக்கமே அவன் தலைவைத்துப் படுக்கக் கூடாது. மற்றவர்களையும் கூட்டிவர வேண்டும். ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். இழுப்பு நின்றுவிடலாம். உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை இப்போது சொல்ல முடியாது. வலிப்பு நோய் என்று காலையில் எழுதியதை அவள் அடித்துவிட்டாள்.

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் தோளைத் தொட்டாள். எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். அவ்வளவும் மறந்துபோயிற்று.

"டேய், நீ சுரண்டினது பொங்குமாவு இல்லடா. விஷம். அதுதான் உன்னை இழுத்திருக்கு."

அவன் மெல்லத் திரும்பினான். "விஷமா?"

"ஆமாடா. ஃபேனை நிறுத்தச் சொன்னதும் நான்தான். என்னை என்ன வேணா சொல்லு."

அவன் அதையெல்லாம் கேட்கவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்தான். "அப்ப வலிப்பு இல்லையா?"

"இல்ல."

"நெஜமா இல்லையா? நம்ம ரத்தத்துல வரல? பாப்பாவுக்கு வராது?"

"வராதுடா. இது விஷத்தால வந்தது. டாக்டரே அடிச்சு எழுதிட்டாங்க."

தம்பி சிரித்தான். கடிபட்ட நாக்கு தெரியத் தெரியச் சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரர் என்ன நல்ல செய்தியோ என்று எட்டிப் பார்த்தார். தான் சுரண்டிக் கொட்டியது மற்றவர்கள் மூச்சிலும் போயிருக்கிறது என்பது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. நாளைக்கு அது தானாகவே அவனுக்குத் தோன்றும். இன்றைக்கு அவன் தலையணைக்கடியில் போனைத் தேடினான். இரண்டு முறை தப்பாக அழுத்தினான். மூன்றாவது முறை மணி அடித்தது. ரயில் ஓடும் சத்தத்துக்கு நடுவில் அவன் மனைவியின் குரல் கேட்டது.

"ஏய், நான்தான். வெச்சிடாத. எனக்கு ஒண்ணும் இல்லடி. வலிப்பெல்லாம் இல்ல. விஷம்தான். ஆமா, விஷம். நெஜமாத்தான் சொல்றேன். உங்கப்பாகிட்டச் சொல்லு... நம்ப மாட்டேங்கறியா? இரு, அக்காகிட்டக் கேளு." போனை நீட்டினான். முகமெல்லாம் ஈரம். "நீ சொல்லுக்கா. நீ சொன்னா நம்புவா. வெறும் விஷம்தான்னு சொல்லு."

அக்கா போனை வாங்கிக் காதில் வைத்தாள். 

"ஆமாம்மா. வெறும் விஷம்தான்," என்றாள்.

எதிர்முனையில் தம்பியின் மனைவி, "நல்ல வேளை அண்ணி," என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.